குன்னூரில் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் செவ்வாய்க்கிழமை காலைகளில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் கூடுகிறோம். சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. புதிதாக ஓய்வு பெற்றவர்களும், சமவெளியிலிருந்து மலைக்குக் குடிவந்தவர்களும் அவ்வப்போது வந்து பக்கத்தில் உட்காருவார்கள். சிறிது நேரம் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு, எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் அஞ்சல் துறையில் இருந்து 2018-ல் ஓய்வு பெற்றவன். எந்தக் கலையிலும் நிபுணன் அல்லன்.

ஓய்வு பெற்றதும் முதலில் எதைத் தொடங்கலாம்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். பணிக்கொடை கைக்கு வந்த மாதமே கிதாரும் கேமராவும் வாங்கியவர்களின் பரணை நான் பார்த்திருக்கிறேன்.

என் கதை இது. முதல் மாதம் தூங்கினேன். இரண்டாம் மாதம், மணி பத்தானால் கால்கள் தாமாகவே அஞ்சலகத்துக்குப் போயின. முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் "வாருங்கள் சார்" என்ற குரல் மட்டும் வந்தது, தலை நிமிரவில்லை. அவர் கையில் பதிவுத் தபால் கட்டு இருந்தது. அவர் மேல் குற்றமில்லை, நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் பின்னல் ஊசியை நிறுத்தாமலே, "காலையில் உங்களுக்காக ஏதாவது ஒன்று காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்.

நான் மற்றவர்களுக்குச் சொல்வதும் அதைத்தான். குறித்த நேரத்துக்கு உங்களை எதிர்பார்க்கிற ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தொட்டிச் செடி எதிர்பார்க்கும். பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் எதிர்பார்க்கும். தொலைக்காட்சி எதிர்பார்க்காது, நீங்கள் குறட்டை விட்டாலும் அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு எது காத்திருந்தது?

ஓர் எவர்சில்வர் டப்பா. நான் மழை அளக்கிறேன்.

சிரிக்காதீர்கள். இந்த மலையில் மழையைவிடப் பேசத் தகுந்த பொருள் வேறு இல்லை. "நேற்று பேய் மழை" என்று எல்லோரும் சொல்வார்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2009 நவம்பர் மழையில் மலை சரிந்தபோது, எங்கள் தெருவில் அன்று எவ்வளவு பெய்தது என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

கடையில் மழைமானி கிடைக்கும். வாங்க வேண்டிய அவசியமில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் செங்குத்தாக உள்ள எவர்சில்வர் டப்பா போதும். தூக்குவாளி ஆகாது, அதன் வாய் குறுகல். மரத்தடியும் கூரை ஓரமும் ஆகாது. பக்கத்தில் ஐந்தடி உயரத்துக்கு ஒரு சுவர் இருந்தால் பத்தடியாவது தள்ளி வையுங்கள். தரையில் விழும் மழை தெறித்து உள்ளே புகாதபடி டப்பாவின் விளிம்பு ஓரடி உயரத்தில் இருக்கட்டும்.

டப்பாவில் நிற்கும் நீரின் உயரம்தான் மழையளவு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெய்த நாளில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதற்கும் வழி உண்டு. என் டப்பாவின் குறுக்களவு 14 செ.மீ. அதில் சரிபாதியாக, 7 செ.மீ. குறுக்களவுள்ள நெட்டைக் கண்ணாடித் தம்ளர் ஒன்று வைத்திருக்கிறேன். டப்பா நீரை அதில் ஊற்றினால் உயரம் நான்கு மடங்காகும். தம்ளரில் 12 மி.மீ. நின்றால் மழை 3 மி.மீ.

காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரைதான் கணக்கிடுகிறது. நாமும் அப்படியே எடுத்தால் நம் எண்ணைச் செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒப்பிடலாம். ஆகவே எட்டரைக்கு நான் குடையோடு முற்றத்தில் நிற்க வேண்டும். ஞாயிறும் தீபாவளியும் கிடையாது. அலுவலகத்துக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

இதில் சுவை ஒப்பிடுவதில் இருக்கிறது. கூடலூரில் உள்ள நண்பரும் அளக்கிறார். ஜூன், ஜூலையில் அவருடைய எண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, எங்களுக்குச் சாரல்தான் மிஞ்சும். ஐப்பசி பிறந்ததும் கதை மாறும். வடகிழக்குக் காற்று குன்னூர், கோத்தகிரி சரிவில் வந்து மோதும். அப்போது நான் தினமும் அவருக்கு முதல் ஆளாகத் தொலைபேசியில் எண்ணைச் சொல்வேன்.

ஒரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்து வயிற்றெரிச்சல் தரும்.

தோட்டம் போட இடமில்லை. நான்கு தொட்டிகளுக்குத்தான் வாசலில் இடம். என்ன வளர்க்கலாம்?

நான்கு தொட்டி தாராளம். மலைக்குப் புதியவர்கள் மல்லிகையையும் செம்பருத்தியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பூக்கவில்லை என்று வருந்துவார்கள். இந்த ஊர் எதைக் கொடுக்குமோ அதைக் கேளுங்கள்: ஜெரேனியம், ஃபுக்‌ஷியா, பெகோனியா, ஹைட்ரேஞ்சியா. நான்கையும் விலைக்கு வாங்கத் தேவையில்லை. தெருவில் எந்த வேலியில் பூத்திருந்தாலும் கதவைத் தட்டி ஒரு கிளை கேளுங்கள். இங்கே யாரும் இல்லை என்று சொல்வதில்லை, பதிலுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு அறிமுகமானவர்களில் பாதிப் பேர் இப்படிக் கிளை கேட்கப்போய் அறிமுகமானவர்கள்தான்.

ஜெரேனியம் கிளையை ஒடித்ததும் நடக் கூடாது. ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டால் அழுகாது. வண்ண இலைப் பெகோனியாவுக்கு இலையே போதும். இலையின் அடிப்பக்க நரம்புகளை நான்கைந்து இடத்தில் பிளேடால் கீறி, ஈர மணல் மேல் படியுமாறு வைத்து, பறக்காமல் சிறு கற்களை ஏற்றுங்கள். சில வாரங்களில் கீறிய இடத்திலெல்லாம் குட்டிச் செடி எட்டிப் பார்க்கும்.

ஹைட்ரேஞ்சியா ஒரு வீட்டில் நீலமாகவும் இன்னொரு வீட்டில் இளஞ்சிவப்பாகவும் பூக்கிறதே, இரண்டு வகையா?

பெரும்பாலும் ஒரே செடிதான். மண் செய்கிற வேலை அது. தேயிலை செழிக்கும் எங்கள் மலை மண்ணில் அமிலத்தன்மை அதிகம். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் நீரில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். செடி அதை உறிஞ்சிக்கொண்டு நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு சேர்ந்தால் அமிலம் குறையும், அலுமினியம் மண்ணோடு பூட்டிக்கொள்ளும், பூ சிவக்கும்.

என் வீட்டில் ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த இரண்டு கிளைகள் உள்ளன. வேலியோரம் நட்டது நல்ல நீலம். புதிதாகக் கட்டிய சிமென்ட் சுவரை ஒட்டி நட்டது, சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்ததால், மூன்றாம் ஆண்டு ஊதாவும் ரோஜா நிறமும் கலந்து பூத்தது. ஒரே கொத்தில் சுவர்ப் பக்கம் ஒரு நிறம், தெருப் பக்கம் ஒரு நிறம் என்று மனைவி சொல்கிறார். எனக்கு அவ்வளவு வேறுபாடு தெரியவில்லை, ஆனால் மறுத்துப் பேசவில்லை. வெள்ளை வகை மட்டும் எந்த மண்ணுக்கும் மசியாது.

உறைபனியில் செடிகள் கருகிவிடுமா?

குன்னூர் நகருக்குள் உதகை அளவுக்குப் பயமில்லை. உதகையில் காந்தல், தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளி வெளுத்துக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே உங்கள் வீடு சரிவில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உதகை பூங்காவில் மலர்ச் செடிகள் மேல் கோத்தகிரி மிலாறு என்ற செடியின் கிளைகளைக் கூடாரம்போல் செருகி மூடுவார்கள். நமக்குப் பழைய பருத்திப் புடவை போதும். மாலையில் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

காட்டெருமை?

வரும். குன்னூரில் அது காட்டுவிலங்கு என்பதைவிட அக்கம்பக்கத்தார் மாதிரி. சென்ற ஆண்டு என் டேலியா முழுவதையும் ஒரே இரவில் மேய்ந்துவிட்டு, ஜெரேனியத்தை மட்டும் முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது. அதன் வாடை பிடிக்கவில்லை போலும். செடி போனால் மறுபடி நடலாம். விரட்டப் போகாதீர்கள், கல் எறியாதீர்கள், கைப்பேசியில் படம் எடுக்க அருகே நெருங்காதீர்கள். விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் தோட்டத்தில் இறங்குவதாக இருந்தால், முதலில் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் கரடிக்கும் இதே விதிதான்.

மே மாதக் கண்காட்சிகளில் நம் செடிகளை வைக்கலாமா?

உதகை அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சியை ஒட்டித் தனியார் தோட்டங்களுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் போட்டிகள் நடப்பது வழக்கம். குன்னூரில் 1874-ல் தொடங்கிய இதே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும். தோட்டக்கலைத் துறையில் சில மாதங்களுக்கு முன்பே விசாரித்துப் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு முறை கலந்துகொண்டார். பரிசு வரவில்லை. நடுவர்கள் வருவதற்கு முந்தைய வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, பேரனிடம் எரிந்து விழுந்தார். பதவி உயர்வுத் தேர்வை ஒருமுறை எழுதியது போதாதா என்று எனக்குத் தோன்றும். உங்களுக்குப் போட்டி பிடிக்கும் என்றால் தாராளமாக வையுங்கள்.

பறவை பார்க்க எங்கே போக வேண்டும்?

ஜன்னலுக்குப் போங்கள். தலையில் கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாக வருவது செம்மீசைச் சின்னான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு பத்துப் பதினைந்தாக வந்து, ஒரு மரத்தைத் துழாவிவிட்டு ஒரே மூச்சில் கிளம்பிப் போவது வெள்ளைக்கண்ணி. புதருக்குள் கூட்டமாகச் சிரிப்பது போலச் சத்தம் கேட்டால் நீலகிரிச் சிரிப்பான். நீலகிரியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. நம் வீட்டுக் கொல்லையில் தவிட்டுப் பழம் தின்றுகொண்டிருக்கும். விடிவதற்கு முன் ஓடைப் பக்கமிருந்து, வேலை வெட்டி இல்லாத ஒருவன் விசிலடித்தபடி போவது போலக் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. முதல்முறை கேட்டபோது நான் ஜன்னலைத் திறந்து "யாரப்பா அது?" என்று கேட்டேன்.

வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு சாக்கடையோரம் நடக்கும் சாம்பல் வாலாட்டி செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வந்துவிடும். முதலில் கண்ட தேதியை ஆண்டுதோறும் என் மழை நோட்டிலேயே குறித்து வருகிறேன்.

பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகம் முழுவதும் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டு வாசலிலிருந்தே செய்யலாம். கரும்பு கடித்துக்கொண்டு செய்யலாம்.

எந்த பைனாகுலர் வாங்குவது?

8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்கக் கண்ணாடியின் அகலம் 42 மி.மீ. கடைக்காரர் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசை காட்டுவார். மடங்கு கூடினால் நம் கைநடுக்கமும் அதே மடங்கு கூடித் தெரியும். பறவை குதிக்கிறதா நாம் குதிக்கிறோமா என்றே புரியாது. முன்கண்ணாடி அகலமாக இருந்தால் பனிமூட்டத்தின் மங்கிய வெளிச்சத்திலும் நிறம் தெரியும். கழுத்து வலி உள்ளவர்கள் எடை குறைந்த 8×32 பார்க்கலாம். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இதை யாரும் சொல்லாததால் என் நண்பர் ஆறு மாதம் கறுப்பு வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று: வயதானால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும். சோலைக்குள் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சிறிய ஈப்பிடிப்பான் உண்டு. "இதோ பாடுகிறது, தாத்தா" என்று பேத்தி காட்டினாள். எனக்கு இலை அசைந்தது மட்டும் தெரிந்தது. அந்த வாரமே காது மருத்துவரிடம் போனேன்.

ஓவியம் கற்க வயது தடையா?

வயது தடையில்லை, பனிமூட்டம்தான் தடை. நீர்வண்ணம் தீட்டினால் முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்ததைப் பூச முடியும். மூடுபனியில் காகிதம் காயாது. எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அக்கா என்றுதான் அழைப்போம். அவர் இதற்காகப் பனியோடு சண்டை போடுவதை விட்டுவிட்டார். காகிதத்தை முழுக்க நனைத்து, ஈரத்தின் மேலேயே வண்ணத்தை விட்டு, அது தானாகப் பரவிப் பனியாக மாறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மரங்களின் தலையை மட்டும் கடைசியில் தொடுவார். காகிதம் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த வகையாக இருந்தால் இத்தனை ஈரத்துக்கும் சுருளாது.

அவருக்குப் பிடித்த இடம் குன்னூர் ரயில் நிலையம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின், பல் பதித்த நடுத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி மேலே கொண்டுவரும். குன்னூரில் அதைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். எஞ்சின் மாற்றுகிற அந்தச் சிறிது நேரம்தான் அக்காவுக்கு. 1899-ல் குன்னூர் வரை வந்து, 1908-ல் உதகையைத் தொட்ட பாதை அது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அக்காவின் நோட்டில் நூறு எஞ்சின்களாவது இருக்கும். ஒன்றிலும் சக்கரங்கள் முழுதாக இல்லை. "சக்கரத்துக்கு வருவதற்குள் எஞ்சின் போய்விடுகிறது" என்பார்.

கேமரா லென்சில் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறதே?

பூஞ்சை. எனக்கும் நேர்ந்தது. மகன் வாங்கித் தந்த கேமராவைத் தோல் பையில் போட்டுப் பத்திரமாக பீரோவில் பூட்டினேன். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தால் உள்ளே வெள்ளை நரம்பு. கோவையில் ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்து, லென்ஸ் விலையில் பாதியைச் செலவழித்தேன், தழும்பு போகவில்லை.

தோல் பையும் இருட்டு பீரோவும் பூஞ்சைக்குப் புகுந்த வீடு மாதிரி. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் அது வளரத் தொடங்கும், குன்னூரில் தாண்டாத நாள் குறைவு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றை உள்ளே வைத்து 40 முதல் 50-க்குள் நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் பிடிப்பது. வெயில் விழுந்தால் லென்சும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.

பின்னல் வேலை பெண்களுக்குத்தானே? ஆண்கள் செய்யலாமா?

செய்யலாம். நான் ஒரு மஃப்ளர் பின்னியிருக்கிறேன். தொடக்கத்தில் எட்டு அங்குல அகலம், முடிவில் பதினொன்று. கண்ணிகள் எங்கே பெருகின என்று மனைவியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் சொல்லும் மூன்று குறிப்புகள்: ஸ்வெட்டரைத் தொடங்குமுன் அதே நூலில், அதே ஊசியில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் ஸ்வெட்டர்தான் பேரனுக்கு என்று தொடங்கித் தாத்தாவுக்கு வந்து சேரும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் உலோக ஊசியை விட்டு மர ஊசிக்கு மாறலாம். நீளத் துணிக்கு, இரு ஊசிகளும் கம்பியால் இணைந்த வட்ட ஊசி நல்லது. எடை மணிக்கட்டில் தொங்காமல் மடியில் உட்காரும்.

தோடர் பூவேலை கற்றுக்கொள்ள முடியுமா?

ரசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், வாங்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் அந்த வேலைக்குப் படம் வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கோலம் எழும். புத்துக்குளி என்ற அவர்களின் போர்வையில் அது ஒரு குலத்தின் அடையாளமாக இருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் நான்கு பூப்போட்டுப் பார்த்துவிட்டு அதே பெயரைச் சொல்லிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இழை எண்ணும் பொறுமை வேண்டும் என்றால் குறுக்குத் தையல் இருக்கிறது.

செய்ததை விற்கலாமா?

வேண்டாம் என்பேன். மனைவி பின்னிய குல்லாய்களைப் பார்த்து ஒருவர் முப்பது கேட்டார், முன்பணமும் கொடுத்தார். அந்த இரண்டு மாதம் எங்கள் வீடு மறுபடி அலுவலகமாயிற்று. நிலுவை, கெடு, இரவு வேலை. முப்பதாவது குல்லாய் போனதும் ஊசிகளைக் கட்டிப் பெட்டிக்குள் போட்டவர், பொங்கல் கழித்துத்தான் எடுத்தார். ஜாம், ஊறுகாய் என்றால் சிறிய அளவில் விற்கவும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சல் துறையில் இருந்தவர் நீங்கள். தபால்தலை சேர்க்கலாமா?

உறையிலிருந்து தலையைக் கிழித்து எடுக்காதீர்கள். சுற்றிலும் தாளோடு வெட்டி, வெறும் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் தானே கழன்று வரும். முகம் கீழாகத் தாளில் உலர்த்திப் புத்தகத்தின் அடியில் வையுங்கள். ஆல்பத்தில் பசையோ செல்லோ டேப்போ படக் கூடாது. மலையில் இன்னொரு தொல்லை: புதுத் தலைகளின் பின்பக்கப் பசை ஈரத்தில் இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்கவைத்தால் அழுத்தம் குறையும்.

ஆனால் சேர்ப்பதைவிட எழுதுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அஞ்சலட்டை ஐம்பது காசு. என் பேத்திக்கு மாதம் ஒன்று எழுதுகிறேன், அந்த மாத மழைக் கணக்கோடு. அவள் பதிலைக் கைப்பேசியில் அனுப்புகிறாள். துறையை அழிப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

நட்சத்திரம் பார்க்கலாமா?

ஜனவரி, பிப்ரவரியில் மட்டும். மற்ற மாதங்களில் மேகம்தான் பார்க்கலாம். தொலைநோக்கி வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் நாம் அச்சடித்த கார்த்திகையும் மிருகசீரிடமும் திருவாதிரையும் அப்போது தலைக்கு மேலே வரிசையாக நிற்கும். கார்த்திகையில் ஆறு எண்ணினால் கண் நன்றாக இருக்கிறது; திருவாதிரை செம்மையாகத் தெரியும். மே மாதம் மேகம் வழிவிட்டால், இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே மறைப்பில்லாத இடத்திலிருந்து தாழ்வாகத் திரிசங்கு என்ற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

முட்டி வலிக்கிறது. மேடு பள்ளத்தில் நடக்க முடியவில்லை.

சிம்ஸ் பூங்காவும் பள்ளத்தாக்குதான், உள்ளே இறங்கினால் ஏற வேண்டும். அதனால்தான் நாங்கள் மேல்வாசல் பக்கமே உட்காருகிறோம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். கைத்தடிக்கு வெட்கப்படாதீர்கள். போகும்போது வண்டியில் இறங்கி, வரும்போது நடந்து ஏறுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதிலும் மனம் பற்றவில்லை என்றால்?

சில வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் சேர்ந்து போனால் மருத்துவரைப் பாருங்கள்; பொழுதுபோக்கு அதற்கு மருந்து அல்ல.

எங்கள் குழுவில் ஒருவர் மனைவியை இழந்த பிறகு ஓர் ஆண்டு வரவில்லை. அந்த அம்மா வளர்த்த பெகோனியாத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கடைசித் தொட்டியில் இரண்டு இலை மிஞ்சியபோது, அதை ஒரு செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு வந்தார். என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். அக்கா பிளேடு கேட்டார், நான் டீக்கடையிலிருந்து வாங்கி வந்தேன். பெஞ்சிலேயே நரம்பைக் கீறிக் காட்டினார். அந்த இரண்டு இலையிலிருந்து இப்போது எத்தனை தொட்டி என்று கணக்கில்லை. செவ்வாய்தோறும் யாருக்காவது ஒன்று கொண்டுவருகிறார். எங்கள் வீட்டில் மட்டும் ஏழு. வைக்க இடமில்லை, வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை.

நெடுநாள் காத்திருக்கும் பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?

குறிஞ்சி. 2018-ல் கொடைக்கானலில் பார்த்தேன், ஓய்வு பெற்ற ஆண்டு அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அங்கே அடுத்தது 2030. எனக்கு அப்போது 72. டிக்கெட் போட இப்போதே மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போனால் உங்கள் மழை டப்பாவை யார் பார்ப்பது?

எதிர்வீட்டுச் சிறுமி, ஏழாம் வகுப்பு. போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்து நோட்டைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆறாம் நாள் கட்டத்தில் மட்டும் எண் இல்லை. "மறந்துவிட்டேன் தாத்தா, பரீட்சை" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். ஏழாம் நாளில் 14.5. அதை இரண்டு நாளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து எழுதிவிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்று நமக்குத் தெரியாதே. ஆறாம் நாளைக் காலியாக விட்டு, ஏழாம் நாளில் "14.5, இரண்டு நாள் சேர்த்து" என்று மையால் எழுதச் சொன்னேன். அவளுடைய பென்சில் குறிப்பை நான் அழிக்கவில்லை.